குறிப்புக் கோப்பின் வாசகன்

1

அரசாங்க அலுவலகம் என்று பேச்சு வந்தாலே நம் வட்டத்தில் யாராவது காஃப்கா பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. கதவு, காவலாளி, காரணம் தெரியாத வழக்கு என்று சொல்லிவிட்டால் அலுவலகத்தைப் புரிந்துகொண்டாயிற்று என்ற நினைப்பு. காஃப்கா 1908-லிருந்து 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் யந்திரத்தில் தொழிலாளியின் விரல் போகாமல் தடுப்பது எப்படி என்று படத்தோடு அறிக்கை எழுதியவர். இதை யாரும் பேசுவதில்லை. கோப்பு எழுதத் தெரிந்தவர் எழுதிய கதைகள் அவை. கோப்பைப் படிக்க மறுப்பவர்களுக்கோ அவர் பெயர் ஒரு சால்ஜாப்பாகிவிட்டது.

எனக்கு இங்கே வேண்டியிருப்பவர் இன்னொரு குமாஸ்தா. ஜான் ஸ்டூவர்ட் மில். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் பரீட்சையில் வந்துபோன பெயர். சுதந்திரம் பற்றி எழுதிய அந்தத் தத்துவவாதி 1823-லிருந்து 1858 வரை, முப்பத்தைந்து வருஷம், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் காரியாலயத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்குப் போகவேண்டிய கடிதங்களுக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தார் என்பது பாடத்தில் வரவில்லை. இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. 1852-ல் பிரபுக்கள் சபைக் கமிட்டியின் முன் அவர் சொன்ன சாட்சியத்தின் சாரம் இது: இந்திய அரசாங்கம் முழுவதும் எழுத்தில்தான் நடக்கிறது, செய்த காரியமும் அதற்கான காரணமும் தாளில் ஏறுகின்றன, இவ்வளவு முழுமையாகப் பதிவு செய்கிற அரசாங்கம் வேறெங்கும் இல்லை, எனவே நல்லாட்சிக்கு இவ்வளவு உத்தரவாதமும் வேறெங்கும் இல்லை.

இதைப் பெருமிதமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வர்ணனையாக எடுத்துக்கொண்டால் ஒரு உண்மை தெரிகிறது. மாதக்கணக்கில் கப்பலில் போகவேண்டிய தூரத்தில் இருக்கும் தன் ஆட்களைக் கம்பெனி நம்பவில்லை. கோட்டையில் இருப்பவன் என்ன செய்தான் என்பதோடு ஏன் செய்தான் என்பதும் அதற்குத் தெரிந்தாக வேண்டும். சென்னைக் கவுன்சிலில் ஒத்துப்போகாத உறுப்பினர் தன் மாற்று அபிப்ராயத்தைத் தனியாக எழுதிச் சேர்க்கலாம், அதுவும் கப்பலேறும். அத்தனை தாளையும் எழுதவைத்தது அவநம்பிக்கைதான். அந்த எழுத்துக்கு வாசகன் ஒருவன்: மேலே இருப்பவன்.

மில் சாட்சி சொன்ன அதே 1852-ல் சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று சென்னை சுதேசிகள் சங்கத்தை ஆரம்பித்தார். சங்கம் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மகஜரில் நிலவரி வசூலுக்காக ரயத்துகள் சித்திரவதை செய்யப்படுவதும் இருந்தது. 1855-ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. கிட்டி போட்டு விரல் நசுக்குவது, அண்ணாந்தாள் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று தமிழ்ச் சொற்களே ஆங்கில எழுத்தில் அதில் ஏறியிருக்கின்றன. எல்லாம் எழுத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆட்சியின் அன்றாடம் இது. இதைத் தாளுக்குக் கொண்டுவர வெளியிலிருந்து ஒரு மகஜர் தேவைப்பட்டது. மேலிருப்பவனுக்காக மட்டும் எழுதப்படும் எழுத்தில் என்ன ஏறும், என்ன ஏறாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2

பொதுஜனம் அரசாங்கத்திடம் தாள் கேட்பது ஏதோ இருபது வருஷத்துப் புதுமை போலப் பேசப்படுகிறது. நம் ஊரில் நகல் கேட்பது வெகு நாளைய வழக்கம். பட்டா நகல், அடங்கல், வில்லங்கச் சான்று, கிரையப் பத்திரத்தின் நகல் - இதற்காகத் தாலுகா கச்சேரித் திண்ணையிலும் சார்பதிவாளர் அலுவலக வேப்பமரத்தடியிலும் காத்திருக்காத குடும்பம் உண்டா? கணக்குப்பிள்ளையின் அதிகாரமே அவர் வீட்டுப் பரணில் இருந்த கணக்குக் கட்டுகளில்தான் இருந்தது. 1980-ல் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்பட்டபோது, சில தலைமுறைகளாக ஒரே வீட்டில் இருந்த ஊரின் ஞாபகம் வீடு மாறியது. பவானி ராமன் 2012-ல் வெளியிட்ட 'டாக்குமெண்ட் ராஜ்' என்ற ஆங்கில நூல், கம்பெனிக் காலத் தென்னிந்தியாவில் கச்சேரியும் கணக்கர்களும் எழுத்தை எப்படி அதிகாரமாக ஆக்கினார்கள் என்பதைப் பற்றியது. நம்மில் பலர் படித்திருக்க வேண்டியது.

1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. 76-ம் பிரிவு: பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கட்டணம் கட்டிக் கேட்டால், பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் கொடுத்தாக வேண்டும். 123-ம் பிரிவு: ராஜாங்க விவகாரம் பற்றிய வெளியிடப்படாத பதிவுகளிலிருந்து துறைத் தலைவர் அனுமதியில்லாமல் யாரும் சாட்சியம் சொல்லக்கூடாது. முதல் கதவு திறந்திருந்தது, இரண்டாவது பூட்டியிருந்தது, சாவி உள்ளே இருப்பவரிடம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின. கதவுகள் இரண்டும் இருக்கின்றன. 1889-ல் வந்த அரசாங்க ரகசியச் சட்டத்தைக் கர்சன் 1904-ல் ராணுவ விஷயத்திலிருந்து சிவில் விஷயத்துக்கும் நீட்டினார். அந்த மசோதாவைக் கோகலே எதிர்த்துப் பேசினார். 1923-ல் சட்டம் மறுபடி எழுதப்பட்டு இன்றுவரை இருக்கிறது. ரகசியம் என்றால் என்ன என்று அது வரையறை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் அதன் பலம்.

இந்த இரண்டு கதவுகளும் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அரசாங்கக் கோப்பில் இரண்டு பாகம். ஒன்று நடப்பு: வந்த மனு, போன கடிதம், போட்ட ஆணை. மற்றொன்று குறிப்பு: கீழேயிருந்து மேலே போகப் போக ஒவ்வொருவரும் அந்த விஷயத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள்கள். தலைமைச் செயலகங்களில் இந்தத் தாளின் நிறம் பச்சை. சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற சிவில் சர்வீஸ்காரர் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறை, முடிந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறித்துவைத்தது. ஒரு வருஷத்தில் அழியவேண்டியதிலிருந்து நிரந்தரமாக இருக்கவேண்டியது வரை. ஆனால் மனுக் கொடுத்தவன் கண்ணில் படுவது நடப்பு மட்டும். 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது' என்ற வாக்கியம் அவன் கைக்கு வரும். பரிசீலித்தது யார், என்ன யோசித்தார், கீழே ஒருவர் கொடுக்கலாம் என்று எழுதி மேலே ஒருவர் அடித்தாரா என்பதெல்லாம் பச்சைத் தாளிலேயே தங்கிவிடும்.

செயப்பாட்டு வினையில் முடிகிற அந்த வாக்கியத்தை நாம் கேலி செய்கிறோம். அதில் எழுவாய் காணாமல் போனது தற்செயல் இல்லை. எழுவாய் அடுத்த பாகத்தில் இருக்கிறது.

3

1975 ஜனவரியில் ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்துப் போட்ட வழக்கில், பிரதம மந்திரியின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகத்தை'க் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார் ராஜ் நாராயண். உத்தரப் பிரதேச அரசு முடியாது என்றது. ரகசியப் பதிவு என்று அரசு சொல்வதாலேயே அது ரகசியமாகிவிடாது, அதைத் தீர்மானிப்பது கோர்ட் என்று ஆயிற்று. பொறுப்புள்ள அரசாங்கத்தின் பொதுக்காரியங்களைத் தெரிந்துகொள்ள ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி மாத்யூ தனியாக எழுதினார். ஐந்து மாதத்தில் நெருக்கடிநிலை வந்தது. தெரிந்துகொள்ளும் உரிமை சட்டப் புத்தகத்தில் அச்சாகி முடிவதற்குள் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்துவிட்டது.

நீதிபதியின் வாக்கியத்தைக் கோப்பு வரை இழுத்துக்கொண்டு போனவர்கள் வக்கீல்களோ நம்மைப்போலப் பத்திரிகை நடத்துகிறவர்களோ இல்லை. ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலையில் மண் சுமந்தவர்கள். மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் 1990-ல் அமைந்தது. குறைந்தபட்சக் கூலி கேட்டபோது, நீங்கள் அவ்வளவு வேலை செய்ததாகப் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. பதிவேட்டைக் காட்டு என்றால், அது ரகசியம். அங்கேதான் விஷயம் பிடிபட்டது: கூலிச் சண்டை என்பது தாள் சண்டை. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட்டம், ஒரு பிரதியைக் காதால் வாசித்துத் திருத்தியது. விமர்சனம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கு அந்தக் கிராமத்தில் நடந்தது நெருங்கிய உறவு என்று எனக்குப் படுகிறது.

பிறகு நடந்தது விநோதம். 1996-ல் பியாவர் ஊரில் நாற்பது நாள் தர்ணா. 1997-ல் ஜெய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாள். அதன் முடிவில் துணை முதல்வர் ஒரு செய்தி சொன்னார்: பஞ்சாயத்து ஆவணங்களுக்கு நகல் வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்து ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் அறிவிக்கை வந்தாயிற்று! கேட்டவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுத்துவிட்ட ஆணை கோப்பில் உட்கார்ந்திருந்தது. தகவல் உரிமை பற்றிய தகவலையே தராமல் வைத்திருந்த இந்தச் சம்பவத்தை ஒரு கதையில் எழுதினால், மிகை என்று நாமே அடித்துவிடுவோம்.

அதே 1997-ல் நாட்டின் முதல் மாநிலமாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. முதல் என்ற பெருமை இருக்கட்டும். அதில் விலக்குகள் இருபதுக்கும் மேல். கொடுக்கவேண்டியதைவிடக் கொடுக்கவேண்டாததைக் கவனமாக எழுதிய சட்டம். 2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. மத்திய அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கட்டணம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். எல்லா அலுவலகத்துக்கும் முப்பது நாள் கெடு. காரணமின்றித் தாமதித்தால் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். இவையெல்லாம் அறிந்தவை. நான் கவனித்துச் சொல்ல விரும்புவது 6(2) பிரிவு: கேட்பவனிடம் ஏன் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாது. நூற்றைம்பது வருஷமாக மனுதாரன்தான் காரணம் எழுதினான். இப்போது முதல்தடவையாக அவன் காரணம் சொல்லாமல் நிற்கிறான்.

4

சட்டம் வந்ததும் சண்டை எதில் ஆரம்பித்தது? அணுகுண்டிலோ எல்லைப் படைகளிலோ இல்லை. பச்சைத் தாளில். 'பதிவு' என்பதற்குச் சட்டம் சொல்லும் வரையறையில் 'கோப்பு' என்ற சொல் இருக்கிறது. கோப்பு என்றால் குறிப்பும் சேர்த்துத்தானே? இல்லை என்றது சட்டத்தை அமல்படுத்தவேண்டிய மத்தியப் பணியாளர் துறை. தன் இணையதளத்திலேயே அப்படி எழுதிவைத்தது. 2006 ஜனவரியில் மத்தியத் தகவல் ஆணையம், குறிப்பும் தகவல்தான் என்று தீர்ப்பளித்தது. ஜூலையில் மந்திரிசபை, பெரும்பாலான குறிப்புகளை விலக்கும் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு; திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. இணையதளத்து வாசகத்தை விட்டுவிட்டுக் குறிப்பையும் கொடுக்கலாம் என்று அந்தத் துறை தெளிவுபடுத்தியது 2009-ல்தான்.

இதில் நம் சட்டம் உலக வழக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்த உரிமையின் ஆதி வீடு ஸ்வீடன். ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்ற பாதிரியாரின் முயற்சியில் 1766-ல் வந்த சட்டம். அங்கே இன்றைக்கும், பதிவில் சேர்க்கப்படாத உட்குறிப்பும் வரைவும் பொது ஆவணம் ஆகா. அமெரிக்காவில் 1966-ல் வந்த சட்டத்தின் ஐந்தாவது விலக்கு, முடிவெடுக்கும் முன் உள்ளுக்குள் பரிமாறிக்கொண்ட குறிப்புகளைக் காப்பாற்றுகிறது. அந்த நாடு இன்னொரு வாக்கியத்தையும் உலகுக்குக் கொடுத்தது. மூழ்கிய சோவியத் நீர்மூழ்கிக் கப்பலைக் 'குளோமார் எக்ஸ்ப்ளோரர்' கப்பலை அனுப்பி ரகசியமாகத் தூக்கப் பார்த்த விவகாரத்தில், 1975-ல் ஒரு நிருபர் பதிவுகளைக் கேட்டார். அப்படிப் பதிவு உண்டென்று உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று உளவு நிறுவனம் பதில் சொன்னது. இல்லை என்பது பதில். கொடுக்கமாட்டேன் என்பதும் பதில். இது பதில் என்ற வடிவத்தையே காலி செய்கிறது.

குறிப்பை மூடிவைக்கவேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிடக்கூடாது. நாளைக்கு ஊரே படிக்கும் என்றால் அதிகாரி மனதில் பட்டதை எழுதுவாரா? எழுத்தாளனுக்கு இந்த வாதம் புரியும். வரைவைக் கேட்டு வாசலில் வந்து நிற்பவனை நாம் உள்ளே விடமாட்டோம். அடித்த வரிகள் நமக்கே உரியவை. ஆனால் கவிதை யாருடைய நிலத்தையும் கையகப்படுத்துவதில்லை. யாருடைய பென்ஷனையும் நிறுத்துவதில்லை. கவிதையிடம் ஏன் என்று கேட்பவன் ரசனை இல்லாதவன். ஆணையிடம் ஏன் என்று கேட்பவன் பிரஜை. இன்னொன்று: பயந்து எழுதுகிற அதிகாரி முன்பும் பயந்துதான் எழுதினார், மேலே இருப்பவருக்கு. மேலதிகாரி விரும்பாததை எழுதிய கீழதிகாரிக்கு, வெளியில் ஒரு வாசகன் இருப்பது ஆபத்தைவிடத் துணையாகத்தான் இருக்கும்.

2008-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா கிளை ஒரு தீர்ப்பில், 'தகவல்' என்ற சொல்லுக்குள் 'ஏன்' என்ற கேள்விக்கான பதில் அடங்காது என்றது. இருக்கிற தாளைக் கேட்கலாம், விளக்கம் கேட்கமுடியாது. இதை அலுவலகங்கள் மந்திரம் போலப் பிடித்துக்கொண்டன. சட்டத்தின் 4-வது பிரிவோ, நிர்வாக முடிவுகளின் காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தானாகவே சொல்லவேண்டும் என்கிறது. அதை யாரும் மந்திரமாக ஆக்கவில்லை. ஆக, 'ஏன்' என்பது எங்காவது இருந்தால் அது பச்சைத் தாளில்தான் இருக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்கலாம். கேள்வியாகக் கேட்டால் கிடைக்காதது நகலாகக் கேட்டால் கிடைக்கும்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு வாசகசாலையை மூடினார்கள். தினம் நாற்பது பேர் பேப்பர் படித்த இடம். மூடியதற்கான கோப்பின் குறிப்புப் பகுதிக்கு நகல் கேட்டு எழுதிப் போட்டேன். சம்பந்தப்பட்ட அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு மனுவை மாற்றியது; அது மூன்றாவதற்கு. மேல்முறையீட்டுக்குப் பின் நான்கு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் 'ஆணை கோரி வைக்கப்படுகிறது' என்று ஒருவர். இரண்டிலும் மூன்றிலும் 'மேற்கண்டவாறு' என்று இருவர். நான்கில் ஒரு சுருக்கெழுத்தும் தேதியும். அவ்வளவுதான். 'ஏன்' அங்கேயும் இல்லை. நாலு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள், ஒருவரும் யோசித்திருக்கவில்லை. மறைத்தார்கள் என்றால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் நான்கு பக்கமும் வீணில்லை. காரணம் இல்லாமல் ஒரு காரியம் நடந்தது என்பதற்கு அது சான்றிட்ட நகல்.

5

நான் இதையெல்லாம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். தேசியமயமான வங்கியில் சேருகிற ஒவ்வொருவரும் 1970-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒரு உறுதிமொழியில் கையெழுத்திடுகிறோம். அதன் பெயர் விசுவாசம் மற்றும் ரகசியம் பற்றிய உறுதிமொழி. ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் அண்ணனுக்கும் சொல்லமாட்டேன். அது சரி. ஆனால் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்தே உச்சரித்துப் பழகி, ரகசியம் காப்பதே விசுவாசம் என்று ஆகிவிடுகிறது. யாருக்கு விசுவாசம்?

2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை ரிசர்வ் வங்கியிடம் கேட்டது. வங்கிகளின் ஆய்வறிக்கைகளையும், வேண்டுமென்றே கடன் கட்டாதவர்கள் பட்டியலையும் கேட்டவர்களுக்கு, வங்கிகளோடு தனக்கு நம்பிக்கை உறவு இருப்பதாகச் சொல்லி ரிசர்வ் வங்கி மறுத்திருந்தது. அப்படி ஒரு உறவு இல்லை, பொதுமக்களின் நலன்தான் உன் பொறுப்பு என்றது கோர்ட். அதன் பிறகும் தகவலை மறுக்கும் கொள்கை ஒன்றை ரிசர்வ் வங்கி வைத்திருந்தது. அதைக் கைவிடும்படி 2019-ல் கோர்ட் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஐயாயிரம் ரூபாய் நகைக்கடன் தவணை தவறியவரின் பெயர் ஏல நோட்டீஸில் அச்சாகிறது. பெரிய பெயர்களுக்கு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது.

அதே 2019-ல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. பொதுக்காரியத்தோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத் தரவேண்டாம் என்று முன்பு இருந்தது. பார்லிமெண்டுக்கு மறுக்கமுடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற வரியும் இருந்தது. மாற்றிய வாசகத்தில் தனிப்பட்ட தகவல் என்பது மட்டும் நிற்கிறது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற வேறொரு பிரிவு இருக்கிறதென்று அரசு சொல்கிறது. இருக்கிறது. ஆனால் ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு பதவி - எல்லாமே யாரோ ஒருவரின் தனிப்பட்ட தகவல்தான். கோட் கிரானாவில் உரக்கப் படித்தது பெயர்களை. பெயர் இல்லாத வருகைப் பட்டியலை எப்படித் தணிக்கை செய்வது? பச்சைத் தாளின் அடியில் இருக்கும் கையெழுத்தை அடித்துவிட்டால், மறுபடி செயப்பாட்டு வினைதான் மிஞ்சும்.

இப்போது கோப்பு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அங்கேயும் குறிப்பின் நிறம் பச்சை, மரபை விடவில்லை. கூடவே ஒரு மஞ்சள் குறிப்பு இருக்கிறது. அது வரைவு. திருத்தலாம், தூக்கியெறியலாம். ஒருமுறை பச்சையாகி மேலே போய்விட்டால் மாற்றமுடியாது. பழைய தாளில் அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சரித்திரக்காரர்கள் அப்படித்தானே பிழைக்கிறார்கள். மஞ்சளில் அழிந்தது அழிந்ததுதான். அதற்கும் முந்திய ஒரு உபாயம் அதிகாரிகளிடம் உண்டு: கீழேயிருந்து வந்த குறிப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரு சொல் எழுதிக் கோப்பைத் திருப்பிவிடுவது. பேசுவார்கள். பேசியபின் வருகிற குறிப்பு வேறாக இருக்கும். இடையில் என்ன பேசினார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை, எந்தச் சட்டத்திலும் அகப்படாது.

தன் ஆட்களை நம்பாத ஒரு வியாபாரக் கம்பெனி, அவர்களைக் காரணம் எழுதவைத்தது. அந்தத் தாளைப் படிக்கும் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம், சட்டப்படியே. கம்பெனிக்கு இருந்த அளவு அவநம்பிக்கையாவது நமக்கு இருக்கவேண்டும். எழுதப்பட்ட குறிப்பை நகலாக வாங்குவதோடு, எழுதாமல் விட்ட இடத்தில் ஏன் எழுதவில்லை என்று அடுத்த மனுவைப் போடும் பிடிவாதமும் வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். நம் பத்திரிகைகளின் தனிப் பிரதி விலை அதைவிட அதிகம்.